காக்கட்டூ சிக்லிட் குஞ்சுகளுக்கு வளர்ப்புத் தொட்டி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குள்ளச் சிக்லிட் என்னும் சிறு நன்னீர் மீன்களை வளர்க்கத் தொடங்கும் பலர், பெண் மீன் தேங்காய்ச் சிரட்டைக்குள் முட்டையிட்டிருப்பதைக் கண்ட நாளில்தான் குஞ்சுகளுக்கென்று தனித்தொட்டி வாங்கக் கடைக்குப் போகிறார்கள். அந்த நாளிலிருந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஏழு, எட்டு நாட்களே இருக்கின்றன. ஒரு புதுத் தொட்டியின் நீர் குஞ்சுகளைத் தாங்கும் அளவுக்குப் பக்குவப்படவோ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இந்தக் கணக்கு ஒத்துவராததால்தான் முதல் ஈற்றுக் குஞ்சுகள் பல வீடுகளில் ஒரு வாரத்துக்குள் மடிந்துபோகின்றன. ஆகவே, முட்டைக்கு முன்பே தொட்டி தயாராக இருக்க வேண்டும் என்பதைத்தான் இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியிலும் சொல்லப்போகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்ளும் மீன், காக்கட்டூ சிக்லிட் எனப்படும் அபிஸ்டோகிராமா காக்கட்டூவாய்டிஸ். பெரு நாட்டில் அமேசானிலும் அதன் கிளையான உக்காயாலியிலும் சென்று சேரும் ஓடைகளைச் சேர்ந்த இந்த இனத்துக்கு 1951இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்கக் கதிர்கள் காக்கட்டூ கிளியின் கொண்டையைப் போல நீண்டிருப்பதால் அந்தப் பெயர். ஆண் சுமார் 8 சென்டிமீட்டரும் பெண் சுமார் 5 சென்டிமீட்டரும் வளரும். அபிஸ்டோகிராமா இனங்களுள் இது சற்றுக் கடினமான நீரையும் பொறுத்துக்கொள்ளக்கூடியது என்பதால் புதியவர்களுக்கு இதையே பரிந்துரைக்கிறேன். வெனிசுலா, கொலம்பியா சமவெளிகளைச் சேர்ந்த ராமிரெசி சிக்லிட் பார்க்க அழகாக இருந்தாலும் அதன் குஞ்சுகள் இன்னும் சிறியவை. காக்கட்டூவில் இரண்டு ஈறுகளை வளர்த்துக் கைப்பழக்கம் வந்த பிறகு அதற்குப் போகலாம்.

என்னுடைய முதல் ஈற்றில் அறுபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இருந்தன. புதுத் தொட்டியைக் கழுவித் துடைத்து, புது ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மறுநாளே குஞ்சுகளை அதில் மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் தொட்டியின் தரையில் வெள்ளை இழைகளாக அவை கிடந்தன. மேலே நீர் கண்ணாடியைப் போலத் தெளிவாக இருந்தது. அமோனியாவுக்கு நிறமில்லை என்பதை அன்று காலை கற்றுக்கொண்டேன்.

தொட்டியும் அதன் இடமும்

18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் கொண்ட தொட்டி முதல் ஐந்து வாரங்களுக்கு மிகப் பொருத்தமானது. இதில் ஒன்பது அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 32 லிட்டர் பிடிக்கும். நாற்பது குஞ்சுகள் வரை இதில் வளரலாம். இதைவிடச் சிறிய தொட்டியில் ஒரு வேளை உணவு மிஞ்சினாலே நீர் கெட்டுவிடும். இதைவிட மிகப் பெரிய தொட்டியிலோ, நாலைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள குஞ்சு உணவைத் தேடியே களைத்துப்போகும். உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம், ஏனெனில் இந்தக் குஞ்சுகள் நடுநீரில் அலையாமல் தரையை ஒட்டி மேய்பவை.

தொட்டியின் அடியில் தெர்மாகோல் தகடு விரித்து, சமமட்டமான, எடை தாங்கும் மேசையில் வையுங்கள். சன்னல் வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம். பல்லி விழாதபடி மேலே மூடி அவசியம். வைக்கும் அறையைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று கொசு விரட்டி. ஏர் பம்ப் அறைக்காற்றை உறிஞ்சித்தான் நீருக்குள் செலுத்துகிறது. செருகிவைக்கும் கொசு விரட்டித் திரவத்திலும், கொசுவத்தியிலும், பூச்சி மருந்துத் தெளிப்பானிலும் இருக்கும் பைரித்ராய்டு வகை வேதிப்பொருள்கள் மீனுக்குக் கடும் நஞ்சாகும். படுக்கையறையில் இரவு முழுவதும் கொசு விரட்டி எரிகிறதென்றால் குஞ்சுத் தொட்டியை அங்கே வைக்காதீர்கள். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸுக்கும் இது பொருந்தும். அதைத் தொட்ட கையை நீரில் விடக் கூடாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்

குஞ்சுத் தொட்டிக்கு ஏர் பம்பால் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். மோட்டார் உள்ள ஃபில்டர் எதுவாயினும் அதன் உறிஞ்சுவாய் குஞ்சுகளை இழுத்துக்கொள்ளும். ஸ்பாஞ்சோ மெதுவாக உறிஞ்சுவதோடு, தன் மேற்பரப்பிலேயே நுண்ணுயிர்ப் படலத்தை வளர்த்துக் குஞ்சுகளுக்கு மேய்ச்சல் நிலமாகவும் ஆகிறது. குமிழிகள் ஒரு நொடிக்கு நாலைந்து எழும்பும் அளவுக்கு வால்வைத் திருகிக் குறைத்துவையுங்கள். குஞ்சுகள் ஓட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டே இருந்தால் தின்ற உணவெல்லாம் அதற்கே செலவாகிவிடும்.

புது ஸ்பாஞ்ச் வெறும் பஞ்சுதான். குஞ்சுகளின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் குடியேறிய பிறகுதான் அது ஃபில்டர் ஆகிறது. இதற்கு மிக எளிய வழி, குஞ்சுகளுக்கு உரிய ஸ்பாஞ்சைப் பெரிய மீன்கள் வாழும் தொட்டியில் ஆறு வாரம் முன்னதாகவே ஓடவிட்டுவைப்பதாகும். தேவைப்படும் நாளில் அதை ஈரம் காயாமல் எடுத்துக் குஞ்சுத் தொட்டியில் வைத்தால் போதும். பழைய தொட்டி இல்லாதவர்கள், வெறும் தொட்டியில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு, அது அழுகி அமோனியா உண்டாகவிட்டு, சோதனைத் திரவத்தால் அளந்து, அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூச்சியமாகி அப்படியே நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழியாதீர்கள். குளோரின் அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெதுவாக அலசுங்கள்.

ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். முடியாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு பொருத்த வேண்டும். மின்சாரம் நிற்கும்போது நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்பைக் கெடுத்துவிடும், தரையையும் நனைக்கும். மின்சாரம் அடிக்கடி போகும் பகுதியாக இருந்தால், மின்கலத்தில் ஓடும் சிறு பம்ப் ஒன்றையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

அமேசான் ஓடைகளின் நீர் மிக மென்மையானது. நம் ஊர்களில் கிடைப்பதோ பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். எங்கள் வீட்டு நீரை டி.டி.எஸ். மீட்டரில் அளந்தால் 900 காட்டும். பெரிய காக்கட்டூ மீன்கள் அதில்கூட உயிரோடு இருக்கும். ஆனால் முட்டைகள் பொரிப்பதற்கும் குஞ்சுகள் நன்றாக வளர்வதற்கும் 200 முதல் 250 வரை இருப்பது நல்லது என்பது என் அனுபவம். டி.டி.எஸ். என்பது கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. அது கடினத்தன்மையை மட்டும் நேராகக் காட்டுவதில்லை. ஆயினும் ஒரே கிணற்று நீரை நாள்தோறும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

வீட்டிலுள்ள ஆர்.ஓ. எந்திரத்தின் நீர் 30 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிணற்று நீர் ஒரு பங்கும் ஆர்.ஓ. நீர் மூன்று பங்கும் கலந்தால் கலவை ஏறக்குறைய 250க்கு வரும். உங்கள் வீட்டு எண்களைக் கொண்டு இதே முறையில் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியேற்றும் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் அதைத் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. உப்பு போட்டு இயங்கும் மென்னீர்ச் சாதனத்தின் நீரும் உதவாது, ஏனெனில் அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறதே தவிர மொத்த உப்பைக் குறைப்பதில்லை. மாநகராட்சிக் குழாய் நீராக இருந்தால், குளோரின் போக ஒரு நாள் காற்றோட்டம் கொடுத்து வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையும் அதேபோல ஓர் இரவு காற்றூட்டி வைப்பது நல்லது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நடுப்பகலில் பிடிக்கும் நீர் வெந்நீர்போல் இருக்கும்; விடியற்காலையில் பிடித்து வாளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்கும் 7.5க்கும் இடையில் எங்கிருந்தாலும் காக்கட்டூவுக்குப் போதும். அதை வேதிப்பொருள் ஊற்றி இறக்க முயலாதீர்கள். நிலையற்ற நீரைவிடச் சற்றுக் காரமான, ஆனால் மாறாத நீரே குஞ்சுகளுக்கு ஏற்றது. அதே சமயம், பி.எச். உயர உயர அதே அளவு அமோனியா கூடுதல் நஞ்சாக மாறுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காரமான நீர் உள்ளவர்களுக்குத் தூய்மையில் கூடுதல் கண்டிப்பு தேவைப்படுவது இதனால்தான்.

தரையும் இலையும்

சிலர் தரையில் எதுவுமே போடாமல் வெறும் கண்ணாடியாக வைப்பார்கள். சுத்தம் செய்வதற்கு அது எளிது என்பது உண்மைதான். ஆனால் காக்கட்டூ குஞ்சுகள் நாள் முழுவதும் எதையாவது கொத்திக்கொண்டே இருக்கும் இயல்புடையவை. வெறும் கண்ணாடியில் அவற்றுக்குக் கொத்த ஒன்றுமில்லை. அரை சென்டிமீட்டருக்கு மேற்படாமல், நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்று மணல் தூவி, ஒரு மூலையில் கைப்பிடி அளவு ஜாவா மாஸ் என்னும் நீர்த்தாவரத்தை வைத்து, அதன் மேல் இரண்டு வாதாம் இலைகளை இடுவதுதான் நான் கடைப்பிடிக்கும் முறை.

வாதாம் இலை என்று நான் சொல்வது, பள்ளிக்கூட வளாகங்களிலும் தெருவோரங்களிலும் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தின் இலை. சிறு வயதில் நாம் கல்லால் உடைத்துத் தின்ற கொட்டையைத் தரும் அதே மரம்தான். தானாகப் பழுத்து உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த இலையை மட்டும் எடுக்க வேண்டும். பச்சை இலை நீரில் அழுகிவிடும். கழுவி, கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தால் இலை உடனே தரையில் படியும். ஓரிரு நாட்களில் நீர் தேநீரின் இளஞ்சாயத்தைப் பெறும். ஒரு வாரத்தில் இலையின் மேல் வழவழப்பான படலம் ஒன்று உண்டாகும். அதில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் குஞ்சுகளுக்கு நீங்கள் உணவு போடாத நேரங்களில் கிடைக்கும் தீனி. மூன்று வாரங்களில் இலை நரம்பு மட்டுமாக மிஞ்சும்போது புதிய இலையைப் பழையதன் பக்கத்தில் வையுங்கள். பழையதை ஒரே நாளில் அகற்றிவிடாதீர்கள்.

தாயோடு விடுவதா, பிரிப்பதா?

காக்கட்டூ தாயைப் போலக் குஞ்சு காக்கும் மீனைக் காண்பது அரிது. முட்டையிட்டதும் அவள் உடல் முழுக்க எலுமிச்சை மஞ்சளாக மாறி, கறுப்புப் பட்டைகள் தெளிவாகத் தெரியத் தொடங்கும். சிரட்டையின் வாயிலில் நின்றுகொண்டு, தன்னைவிட இரு மடங்கு பெரிய ஆணைக்கூட விரட்டுவாள். முட்டைகள் மூன்று நாள் அளவில் பொரியும்; பிறகு நாலைந்து நாட்கள் குஞ்சுகள் வயிற்றிலுள்ள கருவுணவில் வாழ்ந்தபடி தரையில் துடித்துக்கொண்டிருக்கும். நீந்தத் தொடங்கிய நாளில் அவள் குஞ்சுக் கூட்டத்தை வெளியே நடத்திவருவாள். ஏதேனும் ஆபத்து என்று தோன்றினால் வயிற்றுத் துடுப்புகளை வெடுக்கென்று ஆட்டி உடலை ஒரு முறை உதறுவாள். அந்த நொடியே அத்தனை குஞ்சுகளும் தரையில் விழுந்து மணல் நிறத்தில் மறைந்துவிடும். பத்து அங்குலத் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஒன்றுகூடத் தெரியாது.

ஆகவே முடிந்தவரை முதல் இரண்டு வாரங்கள் தாயோடு விடுவதையே நான் விரும்புகிறேன். அதற்கு ஏற்ற வழி, இணையை முன்கூட்டியே இந்த வளர்ப்புத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, முட்டையிட்டதும் ஆணை வேறிடத்துக்கு மாற்றிவிடுவதாகும். தாய் இருக்கும் இடம் மாறவில்லை, குஞ்சுகளும் இடம் மாறவில்லை. தேங்காய்ச் சிரட்டையின் ஓரத்தில் பெண் மீன் மட்டும் நுழையும் அளவுக்குச் சிறு வாயில் அறுத்து, நார் நீங்கச் சுரண்டி, இரண்டு மூன்று முறை நீர் மாற்றிக் கொதிக்கவைத்துக் கவிழ்த்து வைத்தால் அதுவே நல்ல குகை. சிறிய மண்சட்டியையும் பயன்படுத்தலாம்.

பல மீன்கள் உள்ள தொட்டியில் முட்டையிட்டுவிட்டால் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய மறுநாள், காற்றுக்குழாயைக் கொண்டு அவற்றை ஒரு குவளைக்குள் மெதுவாக உறிஞ்சி எடுங்கள். வலையால் அள்ளினால் உடல் நசுங்கும். வளர்ப்புத் தொட்டியில் பாதி நீராவது தாய்த் தொட்டியின் நீராக இருப்பது நல்லது. குவளையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பம் ஒத்துவந்த பிறகு, நொடிக்கு இரண்டு சொட்டு என்ற அளவில் ஒரு மணி நேரம் புதிய நீரை விட்டு, அதன் பிறகு நீருக்குள்ளேயே குவளையைச் சாய்த்து விடுங்கள்.

உணவு

நீந்தத் தொடங்கிய நாளிலிருந்தே காக்கட்டூ குஞ்சுகளால் முட்டையிலிருந்து அப்போதுதான் பொரிந்த ஆர்டீமியாவை, அதாவது உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால்வகை உயிரியைத் தின்ன முடியும். இது புதியவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. ஆயினும் ஓர் ஈற்றில் சில குஞ்சுகள் வாய் சிறியவையாக இருக்கும் என்பதால் முதல் மூன்று நாட்கள் மைக்ரோவார்ம் புழுவையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

மைக்ரோவார்ம் வளர்க்க ஓட்ஸ் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்து, மூடியுள்ள நெகிழிக் கிண்ணத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவி, வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து பெற்ற புழுக்கலவை ஒரு கரண்டி விட வேண்டும். நாலைந்து நாட்களில் புழுக்கள் கிண்ணத்தின் சுவரில் ஏறும். விரலால் வழித்து நீரில் அலசினால் போதும். மூடியில் ஊசித்துளைகள் இட்டு, எறும்பு வராதபடி கிண்ணத்தை நீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். முட்டையைக் கண்ட அன்றே இதைத் தொடங்கினால் குஞ்சுகள் நீந்தும் நாளில் உணவு தயாராக இருக்கும்.

ஆர்டீமியாவுக்கு ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் கரைத்து, அரைத் தேக்கரண்டி முட்டைகளைப் போட்டு, அடிவரை செல்லும் காற்றுக்குழாயால் நன்றாகக் கொதிப்பதுபோல் கலக்கவிட வேண்டும். விளக்கு வெளிச்சம் அவசியம். 26 முதல் 28 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, பாட்டிலின் மேற்பகுதியைத் துணியால் மூடி, கீழ்ப்பகுதியில் மட்டும் டார்ச் வெளிச்சம் காட்டிப் பத்து நிமிடம் காத்திருந்தால், ஓடுகள் மேலே மிதக்கும். பொரித்த உயிரிகள் வெளிச்சத்தை நாடி ஆரஞ்சு நிற மேகம்போலக் கீழே திரளும். அந்தப் பகுதியை மட்டும் குழாயால் இறக்கி, நெருக்கமாக நெய்த பருத்திக் கைக்குட்டையில் வடிகட்டி, நன்னீரில் அலசிக் கொடுங்கள். ஓடுகள் குஞ்சுகளின் வயிற்றில் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவசரப்பட வேண்டாம். பொரித்த சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவதும் முக்கியம். நேரம் போகப் போக அவை தம்மிடமுள்ள கருவுணவைச் செலவழித்துவிடுவதால் சத்து குறையும்.

முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு நான்கு வேளை, பிறகு மூன்று வேளை கொடுங்கள். எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல் குஞ்சின் வயிறு. உணவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் தொட்டியின் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி இழைபோன்ற உடலின் நடுவில், கடுகை வைத்ததுபோல் ஆரஞ்சுப் புள்ளியாக வயிறு உப்பித் தெரியும். ஒவ்வொரு குஞ்சிலும் அந்தப் புள்ளி தெரிந்தால் அளவு சரி. அதற்குப் பிறகும் ஆர்டீமியா நீரில் துள்ளிக்கொண்டிருந்தால் அது மிகை. அவை நன்னீரில் சில மணி நேரத்தில் இறந்து தரையில் அழுகத் தொடங்கும்.

சாக்கடை ஓரங்களில் சேகரித்து விற்கப்படும் டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுகளுக்குக் கொடுக்காதீர்கள். நோய்க்கு அதுவே வாசலாகிவிடும். மூன்று வாரத்துக்குப் பிறகு, வீட்டில் தனியே வளர்த்த மொய்னா நீர்ப்பூச்சியையும், நன்கு பொடித்த தரமான மீன் உணவையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம்.

நாள்தோறும் செய்யும் நீர் மாற்றம்

குஞ்சு வளர்ப்பில் கை செய்யும் வேலை இரண்டு: அடிக்கடி உணவிடுவது, அடிக்கடி கழிவை எடுப்பது. முதலாவதை ஆசையோடு செய்யும் நாம் இரண்டாவதைத் தள்ளிப்போடுகிறோம். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு, அதாவது இந்தத் தொட்டியில் மூன்று லிட்டர் நீரை, கடைசி உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். காற்றுக்குழாயின் நுனியை ஒரு நீண்ட குச்சியோடு கட்டி, அதை எழுதுகோல்போலப் பிடித்துக்கொண்டு, தரையில் தெரியும் எச்சத்தை மட்டும் தேடி உறிஞ்சுங்கள். நீர் விழும் வாளி வெள்ளை நிறத்தில் இருக்கட்டும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓரிரு குஞ்சுகள் குழாயில் வந்துவிடும். வெள்ளை வாளியில் பத்து நிமிடம் நீரை அசையாமல் விட்டால் இரண்டு கறுப்புக் கண்கள் நகர்வது தெரியும். அவற்றைக் கரண்டியால் எடுத்து மீண்டும் விட்ட பிறகே வாளியைக் கொட்ட வேண்டும்.

புதிய நீரைக் கலந்து, டி.டி.எஸ். அளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருப்பதை உறுதிசெய்து, உயரமான இடத்தில் வைத்த பாத்திரத்திலிருந்து காற்றுக்குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கவிடுங்கள். குவளையால் ஊற்றும் அவசரம் வேண்டாம்.

கோடை வெப்பம்

சென்னை போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதிக்கு ஹீட்டர் தேவைப்படுவதில்லை. கவலையெல்லாம் கோடையைப் பற்றித்தான். மே மாதத்தில் தொட்டி நீர் 31, 32 டிகிரிக்குப் போய்விடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பது ஒன்று. அதைவிடச் சுவையான செய்தி மற்றொன்று இருக்கிறது. உவே ரோமர், வோல்ஃப்காங் பைசன்ஹெர்ட்ஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1996இல் வெளியிட்ட ஆய்வில், அபிஸ்டோகிராமா இனங்கள் 37இல் 33 இனங்களின் ஆண் பெண் விகிதத்தை வளரும் நீரின் வெப்பம் பாதிக்கிறது என்று காட்டினார்கள். வெப்பம் கூடினால் ஆண்கள் மிகுதியாகவும், குறைந்தால் பெண்கள் மிகுதியாகவும் உருவாகின்றன. இது முடிவாவது முதல் சில வாரங்களில்தான். கோடையில் வளர்ந்த ஈற்றில் ஏறக்குறைய எல்லாமே ஆணாக இருந்ததைக் கண்டு வியந்தவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் குஞ்சு வளர்ப்பைத் தொடங்குவதே நல்லது. அப்போது நீரை 25, 26 டிகிரியில் வைத்திருப்பது எளிது, இரவில் மட்டும் சிறிய ஹீட்டர் உதவலாம். கோடையில் வளர்க்க நேர்ந்தால், மூடியின் ஒரு பகுதியை வலையாக மாற்றி, நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியை ஓடவிடுங்கள். ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகிப் போவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த நீரைக் கலவை நீரால் ஈடுசெய்யாமல் ஆர்.ஓ. நீரால் மட்டும் ஈடுசெய்ய வேண்டும். நீர் மாற்றத்துக்குக் கலவை, ஆவியாதலுக்கு ஆர்.ஓ. என்று இரண்டு பாத்திரங்களிலும் எழுதி ஒட்டிவைப்பது பிழையைத் தடுக்கும்.

ஹைட்ரா

ஆர்டீமியா கொடுக்கும் தொட்டியில், கண்ணாடியில் வெள்ளை நூலிழைபோல ஒட்டிக்கொண்டு நுனியில் மெல்லிய கைகளை விரித்திருக்கும் உயிரி ஒன்று தோன்றக்கூடும். அதுதான் ஹைட்ரா. மாஸோடும் தாவரங்களோடும் வந்து, மிஞ்சிய ஆர்டீமியாவைத் தின்று பெருகி, சிறு குஞ்சுகளையும் பிடித்துக் கொல்லும். மாஸைப் புதிதாக வாங்கினால் இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வைத்துக் கவனித்த பிறகே சேர்க்க வேண்டும். குஞ்சுகள் இருக்கும்போதே ஹைட்ரா பெருகிவிட்டால், மருந்தைத் தேடி ஓடுவதைவிட, பக்குவப்பட்ட ஸ்பாஞ்ச் உள்ள இன்னொரு தொட்டிக்குக் குஞ்சுகளை மாற்றுவதே பாதுகாப்பானது. பெரிய தொட்டியில் எப்போதும் ஒரு கூடுதல் ஸ்பாஞ்சை ஓடவிட்டுவையுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்து வாரத்துக்குப் பின்

ஐந்தாம் வாரத்தில் குஞ்சுகள் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். தாயும் அதற்குள் அவற்றைவிட்டு விலகி அடுத்த முட்டைக்கு ஆயத்தமாகியிருப்பாள். அப்போது இரண்டடித் தொட்டிக்கு அவற்றை மாற்றி, பெரியவை, சிறியவை என்று இரண்டாகப் பிரியுங்கள். பெரிய குஞ்சுகள் உணவு விழும் இடத்தைத் தமதாக்கிக்கொள்வதால் சிறியவை மேலும் சிறுத்துப்போகும். பிரித்த இரண்டே வாரத்தில் சிறிய கூட்டம் தேறிவரும். வளைந்த முதுகோடும் நீந்த இயலாமலும் இருப்பவற்றை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று மாத அளவில் ஆண்களின் முதுகுத் துடுப்புக் கதிர்கள் நீளத் தொடங்கும். இளம்பெண்களில் ஒன்றிரண்டு மஞ்சள் காட்டும்.

அப்போது தொட்டியில் இடம் போதாமல்போகும். மிகுந்த மீன்களைச் சக வளர்ப்பாளர்களுக்குக் கொடுக்கலாம், வண்ணமீன் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர்ச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. எந்த நிலையிலும் ஏரியிலோ குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே வெளிநாட்டு மீன்கள் போதிய கேடு செய்துவருகின்றன. கொடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் உணவை நிறுத்தி, வளர்ந்த தொட்டியின் நீரிலேயே பையில் மூன்றில் ஒரு பங்குக்கு நிரப்பி, மீதியைக் காற்றுக்கு விட்டுக் கட்டுங்கள். பையின் மேல் டி.டி.எஸ். எண்ணையும் வெப்பத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்தால், வாங்கிச் செல்பவர் தம் தொட்டியின் நீரை அதற்கு ஏற்றபடி கலந்து வைத்துக்கொள்வார்.